ஆயிரத்து இருநூறாவது அடி

இதை எடுத்தது யாராக இருந்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். நீங்கள் செம்பாறைப்பாளையத்துக்காரர் என்றால் மேலே படிக்கவே வேண்டாம். மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். வெளியூர்க்காரர் என்றால் படியுங்கள். படித்துவிட்டு என் அப்பாவைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள்.

12 மார்ச் 2079, ஞாயிறு, இரவு 10.40
வெளியே வெப்பம் 39. வீட்டுக்குள் 35. வாக்கி-டாக்கி மின்கலம் 71%.

முதலில் வழக்கமான குறிப்பு. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

நான் தருணிகா. ஒன்பதாம் வகுப்பு. இந்த வருடம் ஊரின் அளவுக் குறிப்பேடு என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள், பள்ளிக்குப் பின்னால் இருக்கும் அளவுக் குழாய்க்குள் அப்பா நாடாவை இறக்குவார். அப்பா பெயர் கவின்ராஜ். ஊரின் பம்பு ஆபரேட்டர். நாடாவின் நுனியில் ஒரு கம்பி உண்டு. அது தண்ணீரைத் தொட்டதும் மேலே நாடா சுற்றியிருக்கும் உருளையில் பீப் என்று கேட்கும். அப்போது குழாயின் வாய்க்கு நேராக நாடாவில் என்ன எண் நிற்கிறதோ, அதுதான் அந்த வார அளவு.

இன்றைய அளவு 1,188 அடி. போன வாரம் 1,186.

அளவு 1,200 அடியைத் தாண்டினால் ஊரே கிளம்ப வேண்டும். 231 பேரும். கடற்கரை முகாமிலிருந்து கான்வாய், அதாவது வண்டி வரிசை, வந்து ஏற்றிக்கொண்டு போகும். இது எல்லாரும் கையெழுத்துப் போட்ட விதி. மார்ச் 20-க்குப் பிறகு ரோட்டில் வண்டி ஓடாது, டயர் உருகிவிடும். அடுத்த கான்வாய் ஆகஸ்ட் 8. ஆகவே வருகிற ஞாயிறு அளவுதான் கடைசி.

ஊரில் இரண்டு கட்சி. கிளம்ப வேண்டும் என்பவர்களுக்கு எதிர்க்கட்சி வைத்த பெயர் சாக்குமூட்டை. இருக்க வேண்டும் என்பவர்களுக்குக் கல்லுப்பிடி. பகலில் யாரும் வெளியே வர முடியாது என்பதால் சண்டை முழுவதும் வாக்கியில்தான், பொது அலையில். இன்று பதிவானது:

ரித்விக் பெரியப்பா (கல்லுப்பிடி): "பாத்துக்கிட்டீங்களா? வாரத்துக்கு ரெண்டே அடி. முன்னெல்லாம் பதினாலு அடி எறங்கிட்டிருந்துச்சு. நானூறு போர் போட்டவன் சொல்றேன், தண்ணி பாறை வெடிப்புக்கு வந்துட்டா நின்னுக்கும்."

தன்யாக்கா (ஊர்த்தலைவி, சாக்குமூட்டை): "ரெண்டடியோ இருபதடியோ, எறங்குதுங்களா இல்லீங்களா? மழை பேஞ்சு பத்தொம்பது மாசமாச்சுங் பெரீப்பா."

பெரியப்பா: "எங்கப்பன் காலத்துலயும் இப்பிடித்தான் பயமுறுத்துனாங்க. ஊரு இருக்குதா இல்லியா?"

தன்யாக்கா: "உங்கப்பன் காலத்துல எழுநூறு அடியில தண்ணிங்க. இப்ப எங்கெடக்குது? இப்பிடியே தோண்டி எங்க போறீங்க, அமெரிக்காவுக்கா?"

யாரோ: "அங்கயும் தண்ணி இல்லியாமாங்க்கா."

பெரியப்பா: "நீ சாக்கு மூட்டையக் கட்டி மூணு வருசமாச்சல்லொ தன்யா? அவுத்துப் பாரு சாமி, எலி குட்டி போட்டிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். தன்யாக்காவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

13 மார்ச், திங்கள், இரவு 11.15
வெளியே 40. மின்கலம் 66%. அப்பா தூங்குகிறார். இருமல் 20 நிமிடத்துக்கு ஒரு முறை.

நேற்று நடந்தது. அளவு எடுத்து முடித்ததும் சாட்சிகள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள், ஒரு கட்சிக்கு ஒருவர். அப்பாவுக்கு இருமல் தாங்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். நாடாவை நான் சுற்றினேன். அவர் வேண்டாம் வேண்டாம் என்று கை காட்டினார். களைப்பாக இருக்கிறார், என்னைச் சிரமப்படுத்த மனமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நாடா மஞ்சள். அதன் நுனியில் பூஜ்யம் என்று எழுதியிருக்கும். அதோடு கம்பி.

நேற்று பூஜ்யம் மேலே வந்த பிறகும் நாடா முடியவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே நீல ஒயர் வந்தது. எண் எதுவும் இல்லாத ஒயர். இடையிடையே கருப்பு டேப் சுற்றிய ஒட்டு. விரலில் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. ஏழு. ஏழாவது துண்டின் நுனியில்தான் கம்பி இருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். நான் நாடாவையே பார்த்துச் சுற்றினேன். "முடிஞ்சுதுங்கப்பா" என்று சொன்னேன். அவ்வளவுதான்.

இன்று மத்தியானம் ஊர் தூங்கும்போது உருளையைக் குளியலறைக்குள் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளி ஸ்கேலால் அளந்தேன். ஒவ்வொரு துண்டும் 12 அடி. மொத்தம் 84.

1,188-ஐயும் 84-ஐயும் கூட்டிப் பாருங்கள்.

14 மார்ச், செவ்வாய், இரவு 11.50
வெளியே 40. மின்கலம் 60%.

கணக்கு. மூன்று முறை போட்டேன்.

தண்ணீர் இருப்பது 1,272 அடியில். பம்பு தொங்குவது 1,290-இல். அதற்குக் கீழே சேறுதான். பம்புக்கு மேலே அன்றைக்கு 18 அடி. வாரத்துக்கு 14 அடி இறங்குகிறது, அதாவது ஒரு நாளைக்கு 2. எதுவும் நிற்கவில்லை, மெதுவாகவும் ஆகவில்லை. வாராவாரம் அப்பா 12 அடி ஒட்டியதால் 2 அடி மட்டும் இறங்கியதுபோலத் தெரிந்தது. ஞாயிற்றிலிருந்து ஒன்பது நாள். மார்ச் 21-ஆம் தேதி குழாயில் காற்று வரும். கான்வாய் அதற்கு முந்தைய நாளோடு சரி.

இதை ஒருவரும் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். மூன்று வருடத்துக்கு முன் இரண்டு கட்சியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் பழைய நாடா அறுந்தது. அதன் பிறகு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். உருளைக்கு மூன்று முழத்துக்குள் யாரும் வரக்கூடாது. ஆபரேட்டர் மட்டும் தொடலாம். சாட்சிகள் குழாயின் வாயில் நிற்கும் எண்ணை மட்டும் பார்க்கலாம். ஆயிரம் அடி இறக்க அரை மணி நேரம் ஆகும். அதுவரை நிற்க யாருக்கும் பொறுமை இல்லை. கடைசி ஐம்பது அடிக்குத்தான் வருவார்கள். வந்து எண்ணைப் பார்ப்பார்கள், அடுத்தவர் கையைப் பார்ப்பார்கள். நாடாவின் நுனியைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அப்பா ஏன் செய்தார் என்று எனக்குத் தெரியும். முகாமில் நுரையீரல் அட்டை பச்சையாக இருந்தால்தான் சேர்ப்பார்கள். தூசி ஏறிய நுரையீரலுக்குச் சிவப்பு அட்டை. ஊரில் 17 பேருக்குச் சிவப்பு. அப்பாவுக்கும். எனக்குப் பச்சை. அம்மா இறந்து ஐந்து வருடம் ஆகிறது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஊர் கிளம்பினால் சிவப்பு அட்டைக்காரர்கள் ஆகஸ்ட் வரை இங்கேயே இருப்பார்கள், அதற்குள் முகாமில் அவர்களுக்கும் இடம் கேட்டு வாங்கிவிடலாம் என்பது தன்யாக்காவின் திட்டம். 17 பேருக்குத் தண்ணீர் தாராளமாகப் போதும் என்றார். 1,188 என்ற எண்ணை நம்பித்தான் சொன்னார்.

இன்னொன்றும் இன்றுதான் கவனித்தேன். கல்லுப்பிடி வீடுகளை எண்ணினேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிவப்பு அட்டை இருக்கிறது. பாறை வெடிப்பு, பழைய மழை, அப்பன் காலம் என்று எல்லாம் பேசுகிறார்கள். இதை மட்டும் வாக்கியில் யாரும் சொல்வதில்லை.

16 மார்ச், வியாழன், இரவு 11.30
வெளியே 41. மின்கலம் 52%.

பள்ளியில் இன்று 'வறட்சி அபாயமா, வழக்கமா' என்று பேச்சுப் போட்டி. எனக்கு 'வழக்கம்' என்ற பக்கம் விழுந்தது. நன்றாகப் பேசினேன். வாரத்துக்கு இரண்டு அடிதான் என்று சொன்னேன். கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். வீணாய்ப் போன தண்ணீர் அரை லிட்டர். குறித்துக்கொள்கிறேன்.

மத்தியானம் தூங்குவதுபோலக் கிடந்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து ஒயரின் நுனியைப் பல்லால் சீவிக்கொண்டிருந்தார். எட்டாவது துண்டு. இருமல் வந்தபோது நான் விழித்துவிடக் கூடாது என்று தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். முதுகு குலுங்கியது. சத்தமே வரவில்லை.

தன்யாக்காவிடம் சொல்லிவிடலாம் என்று சாயந்திரம் வாக்கியை இரண்டு முறை கையில் எடுத்தேன். பக்கத்து ஊரில் அளவு மாற்றிச் சொன்ன ஆபரேட்டரை வெயிலில் நிற்கவைத்தார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இரண்டு மணி நேரம்தான் நின்றாராம்.

சொன்னால் அப்பா போய்விடுவார். சொல்லாவிட்டால் எல்லாரும் போய்விடுவோம், அப்பாவும் சேர்ந்து. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று காலையில் தோன்றுகிறது. ராத்திரியில் அப்படித் தோன்றுவதில்லை. எனக்கு அலுத்துவிட்டது.

18 மார்ச், சனி, இரவு 1.20 (தேதி மாறிவிட்டது, 19)
வெளியே 38. மின்கலம் 41%.

செய்துவிட்டேன்.

வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் நாடாவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அப்பா தூங்கியதும் உருளையை எடுத்தேன். பூஜ்யத்துக்குக் கீழே வெட்டினேன். எட்டுத் துண்டும் விழுந்தன, 96 அடி. கம்பியை மட்டும் எடுத்துப் பழைய இடத்தில், பூஜ்யத்தில், திரும்ப ஒட்டினேன். நாடாவுக்குள் ஓடும் இரண்டு ஒயரும் ஒன்றோடொன்று படக்கூடாது. அப்பா செய்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மூன்றாம் தடவைதான் சரியாக வந்தது.

வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே. டம்ளரில் ஒரு வாய்த் தண்ணீர் ஊற்றிக் கம்பியை விட்டேன். உருளையின் மேல் இரண்டு தலையணையும் போர்வையும் போட்டு அதன்மேல் நான் படுத்துக்கொண்டேன். பீப். என் வயிற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல இருந்தது. அப்பா புரண்டு படுத்தார். எழவில்லை.

அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டேன். இரும்புச் சுவை.

நீல ஒயர் என் புத்தகப் பையில், அடியில் இருக்கிறது.

நாடா மொத்தமே 1,200 அடிதான். நாளைக்கு அது தண்ணீரைத் தொடாது.

19 மார்ச், ஞாயிறு, இரவு 7.40
வெளியே 43. மின்கலம் 33%.

காலை 4.30. அப்பாவும் நானும் மட்டும். நான் விளக்குப் பிடித்தேன். அப்பா நுனியைக் கையில் எடுத்தார். ஒட்டுகளைத் தேடி விரல் நாடாவில் போனது. பூஜ்யத்தில் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார்.

அப்போதுகூட நிறுத்தியிருக்கலாம். பீப் கெட்டுவிட்டது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். நான்கூட மனதுக்குள் சொல்லுங்கள் சொல்லுங்கள் என்றேன். உண்மையை எழுத வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன்.

அப்பா நிறுத்தவில்லை. கம்பியைத் துணியால் துடைத்தார். குழாய்க்குள் விட்டு இறக்க ஆரம்பித்தார்.

சாட்சிகள் 5 மணிக்கு வந்தார்கள். 1,160. 1,180. 1,190. 1,200. உருளையில் நாடா தீர்ந்துவிட்டது. பீப் இல்லை. பொது அலையில் 231 பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை.

குறிப்பேட்டில் எழுதினேன்: "1,200 அடியில் தண்ணீர் இல்லை."

அதன் பிறகு பகல் முழுவதும் பேச்சு. முக்கியமானது மட்டும்:

பெரியப்பா: "கம்பி கெட்டிருக்கும். பக்கெட் தண்ணியில விட்டுப் பாருங்க."

விட்டார்கள். பீப் அடித்தது.

பெரியப்பா: "அப்ப எவனோ வெளையாடியிருக்கறான். போன வாரம் வரைக்கும் ரெண்டடி, இந்த வாரம் ஒரேயடியா பன்னெண்டுக்கு மேலயா? தன்யா, உன்ற ஆளுக நாடாவுல வேல பாத்துட்டாங்க."

தன்யாக்கா: "ஏனுங் பெரீப்பா, எனக்கு ஊர விட்டுப் போறதுக்கு ஆசையா? என்ற வீடு இல்லீங்களா இது?"

பெரியப்பா: "புது நாடா வரட்டும். நாலு பேரு முன்னால அளப்போம். அப்பறமாக் கூப்புடலாம் கான்வாய."

தன்யாக்கா: "புது நாடா கான்வாய்லதானுங் வரோணும்!"

ஒரு பெண் குரல்: "அக்கா, பெரீப்பா சொல்றதும் ஞாயமாத்தானுங் இருக்குது. ஒரு வாரம் பாக்கலாமுங்களே."

இன்னொருவர்: "ஆமாங்க. ஒரு வாரத்துல என்ன ஆயிரப்போகுது."

இப்படியே நாற்பது ஐம்பது குரல். முகாமுக்குச் செய்தி இரவு 9 மணிக்குள் போக வேண்டும். தன்யாக்காவின் குரல் களைத்துப்போய்க் கேட்கிறது. அவரே ஒரு வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிடுவார்போல இருக்கிறது.

நான் வெட்டியது போதவில்லை.

அப்பா சாப்பிடவில்லை. பம்பு அறைக்குப் போகிறேன் என்று போனார்.

19 மார்ச், இரவு 10.50
வெளியே 41. மின்கலம் 24%.

8.32-க்கு பொது அலை. கேட்டபடியே எழுதுகிறேன்.

அப்பா: "எல்லாருக்கும் வணக்கமுங்க. ஆபரேட்டர் கவின் பேசறேன். சித்த நேரம் யாரும் குறுக்க பேசாதீங்க, எனக்கு மூச்சு வாங்கும். நாடாவுல ஒட்டுப் போட்டது நாந்தானுங்க. வாரம் பன்னெண்டு அடி. எட்டு வாரம். மனசு கேக்காம நேத்து ராத்திரி வெட்டிப் போட்டதும் நாந்தான். என்ற புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. தண்ணி ஆயிரத்து இருநூத்தி எம்பத்தாறுல கெடக்குது. பம்பு தொண்ணூறுல தொங்குது. ரெண்டு நாள் வரும். தன்யாக்கா, கான்வாய கூப்புடுங்க."

ஒரே கூச்சல். யார் என்ன சொன்னார்கள் என்று பிரிக்க முடியவில்லை. கெட்ட வார்த்தைகளும் இருந்தன. அவற்றை எழுதவில்லை. பிறகு பெரியப்பா குரல் வந்ததும் அடங்கியது. சத்தம் போடுவார் என்று நினைத்தேன்.

பெரியப்பா: "ஏன் கவினு... என்ற மருமவளுக்கும் செவப்பு அட்டதான். தெரியுமல்லொ? எங்கிட்ட சொல்லியிருந்தீன்னா ஒயரோட அந்த முனைய நானே புடிச்சிருப்பனேடா." பிறகு: "தன்யா, கூப்புட்டுரு சாமி."

8.51-க்கு தன்யாக்கா செய்தி அனுப்பினார். 9.20-க்கு முகாமின் பதில்:

"செம்பாறைப்பாளையம், உங்கள் செய்தி கிடைத்தது. கான்வாய் காலை 4 மணிக்கு வரும். பச்சை அட்டை 214 பேர், உறுதி. சிவப்பு அட்டை 17 பேர், தற்போது இடமில்லை. அடுத்த வாய்ப்பு ஆகஸ்ட் 8."

தன்யாக்கா: "இங்க தண்ணி இல்லீங்க. பதினேழு பேரும் சாகட்டும்னு சொல்றீங்களா?"

"தற்போது இடமில்லை."

தன்யாக்கா: "வண்டியிலயாச்சும் ஏத்திக்குங்க. முகாம் கேட்டுக்கு வெளிய எறக்கி விடுங்க, நாங்க பாத்துக்கறோம்."

"தற்போது இடமில்லை."

ஒன்பது முறை கேட்டார். எண்ணினேன். பதில் சொல்வது ஆளா இயந்திரமா என்று தெரியவில்லை.

20 மார்ச், திங்கள், அதிகாலை 2.35
வெளியே 37. மின்கலம் 9%.

அப்பா வீட்டுக்கு வரவில்லை. 2.10-க்கு இரண்டாம் அலையில் கூப்பிட்டார். அது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்.

"அம்மிணி, முழிச்சிருக்கறயா? பதில் சொல்ல வேண்டா, பேட்டரி போயிரும். ரெண்டு சட்டை போதும். மத்ததெல்லாம் அங்க குடுப்பாங்க. போற வழியெல்லாம் ஈரத்துணிய மூக்குல கட்டிக்கோணும், மறந்தறாத." இருமல். "நீ போட்ட ஒட்டப் பாத்தேன். நல்லாத்தான் போட்டிருக்கற. கருப்பு டேப்ப மட்டும் இன்னும் ரெண்டு சுத்து சுத்தியிருக்கலாம்."

சிரித்தார்போல. அல்லது அதுவும் இருமலா.

பதில் சொல்ல பட்டனை அமுக்கினேன். உடனே விட்டுவிட்டேன். அந்தச் சின்னச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும்.

பம்பு அறைக்குப் பின்னால் பழைய குழாய்களை அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் ஒரு ஆள் ஒளிந்துகொள்ளலாம். கான்வாய் 4.30-க்கு மேல் நிற்காது, வெயில். தேட நேரம் இருக்காது. போன பிறகு வெளியே வந்தால் அப்பா திட்டுவார். திட்டட்டும். திட்டிவிட்டு இருமுவார். நான் முதுகைத் தடவுவேன்.

ஆனால் கணக்குப் போட்டுவிட்டேன். போட்டிருக்கக் கூடாது.

231 பேருக்கு ஒரு நாளைக்கு 2 அடி. மிச்சம் 4 அடி. 17 பேர் என்றால் 27 நாள். ஆகஸ்ட் 8-க்கு இன்னும் 141 நாள் இருக்கிறது. அது இருக்கட்டும். மழை வரலாம். பெரியப்பா சொல்வதுபோல. முகாமில் யாராவது மனது மாறலாம். 27 நாளில் என்னவெல்லாமோ நடக்கலாம்.

நான் இருந்தால் 18 பேர். 18 பேருக்கு 25 நாள்தான்.

திரும்பத் திரும்பப் போட்டாலும் அதேதான் வருகிறது.

25. 27.

என்னால் இரண்டு நாள். பக்கத்தில் நான் இருப்பதா, இல்லை அந்த இரண்டு நாள் தண்ணீரா, எது வேண்டும் என்று அப்பாவைக் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், ஆனால் மற்ற பதினாறு பேரையும் கேட்க வேண்டுமே, பெரியப்பாவின் மருமகளை, அவர்களும்

தெருவில் விளக்கு. நான்கு மணி வண்டிக்குக் குழந்தைகளைத்தான் முதலில் சேர்க்கிறார்கள்போல. பக்கத்து வீட்டுக் கதவு திறந்துவிட்டது. பெயர் வாசிக்கிறார்கள்.

மின்கலம் 8. சட்டை ஒன்றுதான் எடுத்து வைத்தேன், இன்னொன்று

கதவைத் தட்டுகிறார்கள். நான் இன்னும் முடிவு